விளக்கு வைக்கும் நேரமும் பழைய ஃபோர்ட்ரானும்

அப்பா போட்டது ஒரே ஒரு கண்டிஷன். வேலைக்குப் போகலாம், ரயிலில் லேடீஸ் டப்பாவில் நசுங்கிக்கொண்டு சர்ச்கேட் வரை போகலாம், டை கட்டிய ஆபீசர்களோடு இங்கிலீஷில் பேசலாம், எல்லாம் சரி. ஆனால் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீட்டில் இருக்க வேண்டும். அம்மா போன பிறகு எங்கள் வீட்டில் விளக்கேற்ற நான் ஒருத்திதான் இருந்தேன். பொம்பளை இல்லாத வீடு மாதிரி இருட்டிக் கிடக்கக் கூடாது என்பது அவருடைய கட்சி. போதாக்குறைக்கு அத்தை இரண்டு சந்து தள்ளிக் குடியிருந்தாள். எங்கள் ஜன்னலில் எப்போது வெளிச்சம் வருகிறது என்று பார்ப்பதையே ஒரு உத்தியோகமாக வைத்திருந்தாள். எனக்கு அப்போது காலையில் போய் நாலு மணிக்குக் கிளம்புகிற வேலை. அதனால் தைரியமாக ஒத்துக்கொண்டேன்.

மாஹிம் ஸ்டேஷனில் இறங்கித் தாராவிக்குள் நுழைகிற முனையில் எங்கள் கடை. ஊரிலிருந்து வருகிற கருப்பட்டி, நல்லெண்ணெய், வற்றல் மிளகாய், புளி. கடைக்குப் பின்னால் ஒரு தட்டி, தட்டிக்குப் பின்னால் வீடு. வியாபாரம் சூடு பிடிப்பதே சாயங்காலம்தான். அந்த நேரத்தில் அப்பா தராசை விட்டு எழுந்திருக்க மாட்டார், எழுந்திருந்து நான் பார்த்ததும் இல்லை. அதனால் நான் வர வேண்டும், விளக்கு எரிய வேண்டும், அவ்வளவுதான் சட்டம்.

அந்த ஏற்பாட்டுக்கு உலை வைத்தது ஒரு பாஷை. தமிழோ மராத்தியோ இல்லை. கம்ப்யூட்டரிடம் கணக்கை எடுத்துச் சொல்வதற்கான பாஷை, ஃபோர்ட்ரான் என்று பேர். அறுபதுகளின் பின்பாதி அது. கோட்டைப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் எனக்கு வேலை. ஒரு ஹாலையே அடைத்துக்கொண்டு நிற்கும் மெஷின், அதற்கு மட்டும் ஏர்கண்டிஷன். வெளியிலிருந்து கம்பெனிக்காரர்களும் காலேஜ்காரர்களும் அட்டைக் கட்டுகளோடு வருவார்கள். கணக்கின் ஒவ்வொரு வரியையும் ஓர் அட்டையில் ஓட்டை ஓட்டையாகக் குத்தியிருப்பார்கள். கட்டை மெஷினின் வாயில் வைத்தால் அது ஒவ்வோர் அட்டையாக இழுத்துப் படித்து, கடைசியில் விடையை அச்சடித்துத் துப்பும். வருகிறவர்களுக்கு எழுதச் சொல்லிக்கொடுப்பதும், தப்பு வந்தால் கண்டுபிடித்துக் கொடுப்பதும் என் வேலை.

இந்த ஃபோர்ட்ரானில் பழையது ஒன்று, புதியது ஒன்று. பழையதற்கு இரண்டு என்று நம்பர், புதியதற்கு நாலு. மூன்று எங்கே போயிற்று என்று என்னைக் கேட்காதீர்கள், கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி அன்றைக்கே வாய் ஓய்ந்துவிட்டது. இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் கிடையாது. பழையதில் சில பெயர்களுக்குப் பின்னால் ஓர் எழுத்து வாலாகத் தொங்கும், புதியதில் அந்த வாலை வெட்ட வேண்டும். டேப்பிலிருந்து படி, டேப்பில் எழுது என்கிற வரிகளை வேறு மாதிரி எழுத வேண்டும். இப்படி ஒரு பத்துப் பதினைந்து சங்கதி. பொறுமை இருந்தால் யாரும் மாற்றிவிடலாம். ஆனால் மெஷினுக்கு ஒரே சமயத்தில் இரண்டும் புரியாது, ஒவ்வொன்றும் ஒரு தனி டேப்பில் இருக்கும். பழையது வேண்டுமென்றால் புதிய டேப்பைக் கழற்றி, பழைய டேப்பை மாட்டி, எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்ற வேண்டும்.

புதியது வந்ததும் பகல் முழுக்க அதற்கே என்று ஆயிற்று. பழையதை நம்பி இருப்பவர்களுக்கு யாருக்கும் வேண்டாத நேரம் ஒதுக்கினார்கள், சாயங்காலம் ஐந்து முதல் ஏழு வரை. பழையதை நன்றாகக் கற்றுவைத்திருந்தது நான், அதனால் அந்த நேரமும் என் தலையில் விழுந்தது. தெரியாது என்று சொன்னவர்களெல்லாம் நாலு மணிக்குக் கைப்பையை மாட்டிக்கொண்டு போனார்கள்.

அப்பாவிடம் சொன்னபோது அவர் கத்தவில்லை. கருப்பட்டிச் சிப்பத்தைப் பிரித்துக்கொண்டே கேட்டார், இது எவ்வளவு நாளைக்கு என்று. கொஞ்ச நாள்தான், பழையதை நிறுத்தியே தீருவார்கள் என்றேன்.

“சரிட்டி, ஆடி வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள அந்த எழவ முடிச்சிருவாவள்லா?” என்றார்.

முடித்துவிடுவார்கள் என்று நானும் நம்பினேன். எங்கள் தலைமை அதிகாரியைப் பற்றி அப்போது எனக்கு அவ்வளவாகத் தெரியாது.

அவர் மாதுங்காவில் பிறந்து வளர்ந்தவர். நல்ல மனிதர், அதில் குற்றமே சொல்ல முடியாது. யார் மனமும் கோணக் கூடாது என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களால் வருகிற தொல்லை பொல்லாதவர்களால்கூட வருவதில்லை. இன்ன தேதிக்குப் பிறகு பழைய ஃபோர்ட்ரான் கிடையாது என்று டைப் அடித்து போர்டில் ஒட்டினார். தேதி நெருங்கியதும் பாலம் கட்டுகிற கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவர் காபி வரவழைத்துக் கொடுத்தார். அவர்கள் போன பிறகு போர்டில் பழைய தேதியின் மேல் ஒரு துண்டுக் காகிதம், அதில் புதுத் தேதி. அடுத்த தடவை ஒரு மில்காரர்கள். அதற்கும் காபி, அதற்கும் ஒரு துண்டுக் காகிதம். நாளாக நாளாக அந்தத் தேதி இருக்கிற இடம் மட்டும் போர்டில் தடித்துப்போய் நின்றது.

நான் பொறுக்க மாட்டாமல் ஒரு நாள் அவர் மேஜைக்கு எதிரில் போய் நின்று கேட்டேவிட்டேன். நிறுத்தப்போகிறோமா இல்லையா சார் என்று.

“அவாளை இந்தப் பாஷையில எழுதச் சொன்னதே நாமதானேம்மா. இப்போ நாமளே கதவைச் சாத்தினா நன்னாவா இருக்கும்?” என்றார்.

அதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததில் பாதி நான்தானே. சரி, அழைத்து வந்தவளே வழியனுப்பியும் வைக்கிறேன் என்று பாலக்காரர்களின் கணக்கை நானே புதியதற்கு மாற்றிக் கொடுத்தேன். மில்காரர்களுடையதையும் மாற்றினேன். மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் அதற்கே போயிற்று. ஒரு கையில் எலுமிச்சஞ்சாதம், ஒரு கையில் பென்சில். ஒவ்வொருவராகக் கரையேறினார்கள். ஆடி போய் ஆவணி வந்தது. அப்பா ஆவணி வரைக்கும் பார்ப்போம் என்றார். ஆவணியும் போயிற்று. வீட்டுக்கு வரும்போது மணி எட்டு ஆகும். இருட்டில் தடவித் தீப்பெட்டி எடுத்து விளக்கேற்றுவேன். கொஞ்ச நேரத்தில் அத்தை வந்து, இந்நேரத்துக்கு லட்சுமி வருவாளா, வந்திருந்தவளும் போயிருப்பாள் என்று சொல்லிவிட்டுப் போவாள். ஒரு நாள் அப்பாவுக்கும் பொறுக்கவில்லை.

“தீபாவளியோட சரி. அதுக்கு மேல ஒரு நாளுகூட கெடையாது. பேசாம கடையில வந்து உக்காரு” என்றார்.

கடையில் உட்காருவது கேவலம் என்று நான் நினைத்ததில்லை. சின்ன வயதிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன், தராசு பிடிக்கத் தெரியும். ஆனால் அந்த ஹாலுக்குள் நுழைந்தால் எனக்கு ஒரு சந்தோஷம் வரும், அதை வேறெங்கேயும் நான் கண்டதில்லை. அதை ஒரு பழைய டேப்புக்காக விட்டுவிட்டு வர எனக்கு மனமில்லை.

புரட்டாசியில் பழையதைப் பிடித்துக்கொண்டிருந்தது ஒரே ஓர் ஆள். செம்பூர் திலக் நகரிலிருந்து வருகிற ஒரு காலேஜ் லெக்சரர். உலோகத் தகட்டில் சூடு எப்படிப் பரவுகிறது என்று டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி. மெலிந்த ஆள், மரியாதையான ஆள், என்னை மிஸ் என்றுதான் கூப்பிடுவார். அவர் வேலை செய்கிற முறை இருக்கிறதே, அதைச் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஒரு நாளைக்கு ஓர் அட்டையை மாற்றுவார். கட்டை மெஷினில் வைப்பார். வந்த விடையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ரயில் ஏறுவார். ராத்திரி முழுக்க யோசிப்பார் போலிருக்கிறது. மறுநாள் வந்து இன்னோர் அட்டையை மாற்றுவார். இதற்காக நான் ஏழு மணி வரை மெஷின் பக்கத்தில் நிற்க வேண்டும்.

மாற்றிக்கொள்ளுங்கள் சார், நானே செய்து தருகிறேன் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். அவருக்கு ஒரு பயம். முதல் மூன்று அத்தியாயத்தின் விடைகள் பழையதில் போட்டவை. புதியதில் போட்டால் கடைசி இலக்கம் மாறும். மாறினால் ஆராய்ச்சிக்கு வழிகாட்டுகிற பேராசிரியர் ஏன் என்று கேட்பார். கேட்டால் என்ன சொல்வது? கடைசி இலக்கத்தால் தகடு உருகிவிடாது சார் என்றேன். அவர் சிரிக்கவில்லை. தலைமை அதிகாரியிடம் போய் மார்ச் வரைக்கும் அவகாசம் கேட்டார். பார்க்கலாம் என்று அந்தப் புண்ணியவான் சொன்னது எனக்கே காதில் விழுந்தது. மறுநாள் போர்டில் துண்டுக் காகிதம் ஏறும் என்று எனக்குத் தெரியும்.

அன்று நான் லெக்சரரைப் பிடித்து உட்கார வைத்துவிட்டேன். எனக்குச் சரஸ்வதி பூஜைக்கு லீவு. கட்டைக் கொடுங்கள், வீட்டில் வைத்து எந்தெந்த அட்டையை மாற்ற வேண்டும் என்று குறித்துக்கொண்டு வருகிறேன், அதன்படி புதியதில் ஒரே ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள், பிடிக்கவில்லையென்றால் மார்ச் வரை நானே நிற்கிறேன் என்றேன். அவரிடம் இருந்த அச்சுப்பிரதி பழசு, தினம் ஓர் அட்டையை மாற்றுகிற மனிதருக்கு அட்டைக் கட்டில் இருப்பதுதான் நிஜம். பிள்ளையைப் பிரிகிற மாதிரி அட்டைப்பெட்டியைக் கொடுத்தார். விஜயதசமியன்று ஒரு தடவை ஓட்டியே ஆக வேண்டும், நல்ல நாள், மறக்காமல் கொண்டு வாருங்கள் என்று லிஃப்ட் வரை வந்து சொன்னார்.

பூஜையன்று காலையில் நான் குளித்துவிட்டு வருவதற்குள் பெட்டியைக் காணோம். கடையில் எட்டிப் பார்த்தால், தராசு, படிக்கல், கணக்கு நோட்டு, எண்ணெய் அளக்கிற உழக்கு எல்லாம் வரிசையாகப் பொட்டு வைத்து இருக்கின்றன. நட்டநடுவில், எல்லாவற்றுக்கும் உயரத்தில், லெக்சரரின் பெட்டி. மேலே ஒரு முழம் செவ்வந்தி. பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை முடியாமல் தொடக் கூடாது. அது எங்கள் வீட்டில் மட்டுமில்லை, உலகத்தில் எந்தத் தமிழ் வீட்டிலும் அப்படித்தான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அப்பா கேட்காமலே சொன்னார், என்னுடைய ஆயுதம் இல்லாமல் எப்படிப் பூஜை என்று. முகத்தில் அப்படி ஒரு பெருமை. லீவு நாள் முழுக்க நான் கொண்டைக்கடலையைத் தின்றுகொண்டு அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அப்பா மறுபூஜைக்கு நேரம் பார்த்தார், நேரம் வரப் பத்து மணி ஆகிவிட்டது. தசராவுக்கு எங்கள் மெஷினுக்கு லீவு கிடையாது. அவர் கற்பூரம் காட்டி முடித்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மூடியில் இருந்த குங்குமத்தை ரயிலில் முந்தானையால் துடைத்தேன். திறந்து பார்க்கத் தோன்றவே இல்லை.

சாயங்காலம் லெக்சரர் பட்டு அங்கவஸ்திரத்தோடு வந்து நின்றார். எதுவும் மாற்றவில்லை, பூஜையில் வைத்துவிட்டார்கள் என்றேன். அவர் ஒரு வார்த்தை கோபிக்கவில்லை, முகத்தில் நிம்மதி தெரிந்தது. அப்படியானால் இன்றைக்கும் பழையதிலேயே ஓட்டிவிடலாம் என்றார். நான் முணுமுணுத்துக்கொண்டே பழைய டேப்பை எடுக்க அடுத்த அறைக்குப் போனேன். அந்த நேரத்தில் ஆபரேட்டர் இருக்க மாட்டார், வருகிறவர்களே கட்டை வைத்துக்கொள்வார்கள். டேப்பை மாட்டி எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, ஆகட்டும் என்று கை காட்டினேன்.

நான் போன சமயத்தில் அவர் பெட்டியைத் திறந்திருக்கிறார். கட்டின் நாலு மூலையிலும் குழைத்த மஞ்சள், கெட்டியாக. கல்யாணப் பத்திரிகைக்கு வைப்போமே, அப்படி. அட்டைக்கு அட்டை இடுக்கில் இறங்கி, காய்ந்து, பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. வேறு எவனாவதாக இருந்தால் ஐயோ என்று என்னைக் கூப்பிட்டிருப்பான். இவர் மஞ்சளைப் பார்த்ததும் கட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, விஜயதசமிக்குச் சகுனம் நன்றாக இருக்கிறது என்று மெஷினின் வாயில் வைத்துவிட்டார்.

அந்தச் சத்தம் எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது. முறத்தில் கல் விழுந்த மாதிரி முதலில் ஒரு சடசடப்பு, அப்புறம் கிழிகிற சத்தம், அப்புறம் சிவப்பு விளக்கு. நாலைந்து அட்டை சேர்ந்தே உள்ளே போய் மாட்டிக்கொண்டு, பின்னால் வந்தவை அதன் மேல் மடங்கி ஏறி, மஞ்சள் தூள் உள்ளே படிக்கிற பிரஷ் வரை போயிருந்தது. நான் ஓடிப்போய் நிறுத்தினேன். லெக்சரர் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றார். தலைமை அதிகாரி தன் அறையிலிருந்து வந்தார். காலையில் அவர்தான் மெஷினின் கதவில் ஒரு பொட்டு வைத்துவிட்டு, அட்டை பக்கம் யாரும் குங்குமம் கொண்டுபோகக் கூடாது என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தார். கிழிந்த அட்டை ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

“இது யாராத்து மஞ்சள்?” என்றார்.

“எங்க வீட்டு மஞ்சள்தான் சார்” என்றேன். வேறென்ன சொல்வது? பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன்.

மெஷினைச் சுத்தம் பண்ண ஆள் வர மறுநாள் ஆகும். அதுவரை ஊர்ப்பட்ட பேருடைய கணக்கும் நிற்க வேண்டும். லெக்சரரின் அட்டைகளில் கிழிந்தது கொஞ்சம்தான், ஆனால் மஞ்சள் ஏறிய எந்த அட்டையையும் இனி எந்த மெஷினிலும் விட முடியாது. ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்து, வேறு அட்டையில் கையால் புதிதாகக் குத்த வேண்டும். அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்துவிட்டது. ஆறு மாதமாக அடக்கி வைத்தது எல்லாம்.

“எப்படியும் ஒண்ணுவிடாம குத்தணும் சார். புதுசுல குத்தச் சொன்னா குத்தறேன். பழசுலயே குத்தணும்னா வேற ஆளைப் பாருங்க. தீபாவளிக்கு மேல நான் இந்த வேலையில இருக்க மாட்டேன், எங்கப்பா சொல்லிட்டார்” என்றேன்.

அதிகாரி என்னைப் பார்த்தார், லெக்சரரைப் பார்த்தார். அப்பாவின் கெடுவை அவரிடம் நான் அதுவரை சொன்னதில்லை. லெக்சரர் ஏதாவது சொல்லட்டும், மறுபடி பார்க்கலாம் என்று இவர் இழுக்கட்டும், அப்படியே பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவது என்று இருந்தேன். ஆனால் லெக்சரர் சண்டை போடவில்லை. பூஜையில் வைத்த கட்டு, அதற்கு மேல் நாம் என்ன சொல்ல இருக்கிறது, புதியதாகவே இருக்கட்டும் என்று மெல்லச் சொன்னார். எத்தனை மாதமாகக் காரணம் காரியத்தோடு நான் சொன்னது மண்டையில் ஏறவில்லை, ஒரு விரல் மஞ்சள் ஏற்றிவிட்டது. அதிகாரி அந்தக் கிழிந்த அட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு குப்பைக்கூடையில் போட்டார். தீபாவளிக்கு முந்தின நாளோடு பழையது முடிந்தது என்று டைப் அடிக்கச் சொன்னார். துண்டுக் காகிதம் இல்லை, முழுக் காகிதம்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அப்பாவிடம் என்னென்ன கத்த வேண்டும் என்று பாடம் பண்ணிக்கொண்டே போனேன். கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து ஆரம்பித்தேன்.

“மஞ்சள் எதுக்குப்பா வச்சிய? அது என்ன கல்யாணப் பத்திரிகையா? மெஷினே நின்னு போச்சு.”

அப்பா முழித்தார். பெட்டிக்கு மட்டும் பொட்டு வைத்துவிட்டு உள்ளே இருப்பதைச் சும்மா விட அவருக்கு மனம் வரவில்லையாம். அட்டையின் ஒரு மூலையைச் சாய்வாக வெட்டியிருப்பார்கள், தலைகீழாக வைத்துவிடாமல் இருப்பதற்கு. அது இவர் கண்ணில் பட்டிருக்கிறது.

“ஒரு மூலை மூளியா இருந்துச்சேட்டி. மூளியானத பூசையில வைக்கலாமா? அதான் அந்த எடத்துல கொஞ்சம் கூடவே வச்சேன்” என்றார்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவர் என் கையைப் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“இதுக்குப் போயி ஒன்ன வேலைய விட்டு எடுத்துருவாவளா?”

“எடுத்தா ஒங்களுக்கு நல்லதுதான” என்றேன்.

ஒரு வாடிக்கைக்காரி வந்ததும் அவர் தராசுப் பக்கம் போய்விட்டார். ஆனால் சோறு சாப்பிடும்போது திரும்பவும் அதையேதான் கேட்டார். எடுக்க மாட்டார்கள் என்று நான் சொன்ன பிறகுதான் மோர் ஊற்றிக்கொண்டார். எனக்கு இருந்த கோபத்தில் அது அப்போது உறைக்கவில்லை.

கட்டு முழுவதையும் புதியதில் குத்தி முடித்தேன். கடைசி இலக்கம் இரண்டொரு இடத்தில் மாறத்தான் செய்தது. லெக்சரர் தன் ஆராய்ச்சிக் கட்டுரையில் அந்தப் பக்கத்தின் அடியில் ஒரு வரி குறிப்பு எழுதிக்கொண்டார். பேராசிரியர் அதைப் படித்தாரா என்பதே சந்தேகம். சொன்ன நாளில் பழைய டேப்பைச் சுருட்டி, டப்பாவில் போட்டு, அலமாரியின் அடித்தட்டில் வைத்தேன். ஓர் அழுகையோ ஆரத்தியோ கிடையாது. ஒழிந்தது சனியன் என்று கையைத் தட்டிவிட்டுத் திரும்பினால், அதிகாரி கூப்பிடுகிறார் என்றார்கள்.

“புதுசுக்கே பகல் போறலைம்மா. எல்லாரும் இங்கேயே வந்து விழறா. சாயந்தர நேரம் உனக்குப் பழக்கம்தானே, நீயே பார்த்துக்கோ” என்றார்.

நான் எது வரைக்கும் சார் என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். அவரை அங்கேயே ஏதாவது சொல்லியிருப்பேன். ஆனால் வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் போலிருந்தது. பழையதை ஒழித்துக்கட்டியது யாருக்காக? மற்றவர்களெல்லாம் புதியதில் சௌகரியமாக உட்காருவதற்கு. எனக்கு அதே ஐந்து மணி, அதே ஏழு மணி.

கடையில் அன்று தீபாவளிக் கூட்டம். எண்ணெய்க் குளியலுக்கு நல்லெண்ணெய் வாங்க வரிசை நின்றது. அப்பா உழக்கால் அளந்து ஊற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய், பழையது முடிந்துவிட்டது, ஆனால் சாயங்காலம் முடியவில்லை என்று சொன்னேன். அவர் அடுத்த உழக்கையும் அளந்து ஊற்றினார். தீபாவளி போகட்டும் என்று மட்டும் சொன்னார். நான் புதுப்புடவை கட்டிக்கொண்டேன், பலகாரம் தின்றேன், இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. கெடு வைத்தவரே கெடு முடிந்த நாளில் வாயைத் திறக்காதது எனக்குப் பயமாக இருந்தது.

மறுபடி ஆபீஸ் திறந்த நாளில், ராஜினாமாவுக்கு என்ன எழுதுவது என்று ரயிலில் யோசித்துக்கொண்டே போனேன். அதிகாரி லீவு. யாரிடம் கொடுப்பது? சாயங்காலம் அந்தப் புதிய கூட்டத்தோடு மல்லுக்கட்டிவிட்டு, மாஹிமில் இறங்கி நடந்தேன். கடைசி சாயங்காலம் இதுதான் என்று நினைத்ததால் எல்லார் மேலும் எரிச்சலாக வந்தது. சந்து திரும்பினால் எங்கள் ஜன்னலில் வெளிச்சம். அத்தை வந்து விளக்கேற்றிவிட்டு, என்னை வரவேற்க உட்கார்ந்திருக்கிறாள் என்றே முடிவு கட்டினேன்.

உள்ளே யாரும் இல்லை. குத்துவிளக்கில் ஒரு திரி, திரியா அது, சிப்பம் கட்டுகிற கயிறு மாதிரி தடியாக, ஒரு சாண் உயரத்துக்கு எரிகிறது. மேலே சுவரெல்லாம் கரி. எண்ணெய் தளும்பி வழிந்து, தரையில் குளம் கட்டி, வாசல் வரை வந்திருக்கிறது. யாரோ அதில் சாக்குத்துணியைப் போட்டுத் துடைத்துப் பார்த்துவிட்டு அப்படியே விட்டிருக்கிறார்கள்.

நான் திரும்பிக் கடைக்குப் போனேன். அப்பா யாரையோ ஹிந்தியில் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார். மராத்திக்காரி ஒருத்தி, அப்போதே வந்தேன், கடை பூட்டியிருந்தது, இந்த நேரத்தில் யாராவது கடையை மூடுவார்களா என்று சத்தம் போட்டாள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு அப்பா எழுந்து கடைப் பலகையைச் சாத்திவிட்டு உள்ளே போயிருக்கிறார். தராசை விட்டு எழுந்திருக்கவே மாட்டாத மனுஷன்.

எனக்குத் தெரிந்தது திட்டுவது ஒன்றுதான்.

“இம்புட்டு எண்ணெயா ஊத்துவாவ? செவரெல்லாம் கரி” என்றேன்.

அப்பா என்னைப் பார்க்காமல் படிக்கல்லை எடுத்துத் தட்டில் வைத்தார்.

“நாளைக்குச் சரியா ஏத்துதேன். நீ போயி சாப்புடு” என்றார்.

அதற்குப் பிறகு அவர் எந்த மாதத்தையும் சொல்லிக் கெடு வைக்கவில்லை. நானும் கேட்கவில்லை. எத்தனையோ தடவை சொல்லிக்கொடுத்தும், திரியை மட்டும் மெல்லிசாகத் திரிக்க அவருக்குக் கடைசி வரை வரவே இல்லை.